லெப்பைக்குடிக்காட்டில் ஏலம் போன பதினான்கு வளையங்கள்

காலை ஐந்து ஐம்பதுக்குத் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து பெரம்பலூர் பஸ் கிளம்பியது. 2001 பிப்ரவரி, பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை. டிக்கெட் பதினான்கு ரூபாய். என் கைப்பையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, வாங்கப்போகும் தட்டைச் சுற்றிக்கொண்டு வருவதற்கு ஒரு பழைய பருத்திப் புடவை, ஆறு மாதமாகச் சேர்த்த மூவாயிரம் ரூபாய். நான் உறையூரில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பழைய பீங்கான் தட்டுகள் சேர்ப்பது பதினைந்து வருடப் பழக்கம். பெரம்பலூர் மாவட்டத்து லெப்பைக்குடிக்காட்டில், ரங்கூனில் வியாபாரம் செய்த ஒரு குடும்பத்தின் வீட்டுப் பொருட்கள் ஏலத்துக்கு வருகின்றன என்று எங்கள் பள்ளி நூலகர் சொல்லியிருந்தார். அவர் காட்டிய ஏலப் பட்டியலில் ஒன்பதாவதாக 'நீலப்பூப் போட்ட பெரிய பீங்கான் தட்டு ஒன்று' என்றிருந்தது. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

சமயபுரம் தாண்டியதும் விடிந்தது. பாடாலூரில் நான்கு பெண்கள் சின்ன வெங்காய மூட்டைகளோடு ஏறினார்கள். மூட்டைக்கு லக்கேஜ் போடுவதா வேண்டாமா என்று நடத்துநரோடு நடந்த பேச்சு சிறுவாச்சூர் வரை ஓயவில்லை. ஏழரைக்குப் பெரம்பலூர். அங்கிருந்து லெப்பைக்குடிக்காடு முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. குன்னம், வேப்பூர் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் எட்டு ரூபாய். இரு பக்கமும் கரிசல் நிலம், பஞ்சு எடுத்து முடித்த பருத்திச் செடிகள், எடுக்காமல் விட்ட பஞ்சு வேலிகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. சாலை மோசம். ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

இறங்கியபோது மணி ஒன்பது. இரண்டு பக்கமும் மாடி வீடுகள். பல வீடுகளில் புதுப் பெயிண்ட், பூட்டிய கதவு. ஆண்கள் துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிறார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். டீ இரண்டு ரூபாய். நான் டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. நான்கு பேர் இறங்கினார்கள். அவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். கும்பகோணத்தில் பழம்பொருள் வியாபாரம் செய்பவர், வழுக்கைத் தலை, அக்குளில் தோல் பை. காரைக்குடி ஏலம் ஒன்றில் பார்த்திருக்கிறேன். அவரும் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"டீச்சரா? தட்டுக்கு வந்தீங்களா?"

"ஆமாங்க."

அவர் பெஞ்சில் என் எதிரே உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். "நாங்க நாலு பேரும் ஒண்ணாத்தான் வந்துருக்கோம். ஒருத்தர் கேட்டா மத்த மூணு பேரு வாயத் தொறக்க மாட்டோம். நீங்க நகைப் பக்கம் வராதீங்க. தட்டு உங்களுக்கு. ஆயிரத்தி எரநூறுக்கே எடுத்துட்டுப் போங்க, யாரும் மேல கேக்க மாட்டோம். சரிதானே?"

நகை வாங்க எனக்கு வசதியும் இல்லை, ஆசையும் இல்லை. வியாபாரிகள் இப்படிக் கூட்டுச் சேர்ந்தால் விற்கிறவர்களுக்குப் பாதி விலைகூடக் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் தலையாட்டினேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

வீடு பள்ளிவாசல் தெருவில் இருந்தது. முன்கூடத்தில் பாய் விரித்து, ஜமக்காளத்தின் மேல் பொருட்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பர்மாத் தேக்கு அலமாரி, சுவர்க் கடிகாரம், அரக்குப் பூசிய வெற்றிலைப் பெட்டிகள், பித்தளைத் தாம்பாளங்கள். ஓரத்தில் நான் தேடி வந்த தட்டு. குனிந்து பார்த்தேன். விளிம்பில் ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. நடுவில் ஒரு சின்ன மேசைமேல் சிவப்பு வெல்வெட் துணியில் நகைகள்.

ஏலத்தை நடத்தியவர் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி, எழுபது வயதிருக்கும். அவர் பக்கத்தில் வீட்டு மகன் கமால் உட்கார்ந்திருந்தார். துபாயிலிருந்து லீவில் வந்தவர், செவ்வாய்க்கிழமை திரும்ப டிக்கெட். பெற்றவர்கள் இருவரும் இறந்துவிட்டார்கள். வாரிசு அவரும் ஒரு தங்கையும். வீட்டுப் பங்கு பேசி முடிந்துவிட்டது. பொருட்களில்தான் ஒத்துப்போகவில்லை. அதனால் எல்லாவற்றையும் ஏலம் விட்டு, வருவதில் அண்ணனுக்கு இரண்டு பங்கு, தங்கைக்கு ஒரு பங்கு என்று முடிவு. ஏலம் எடுத்தால் பணத்தை அங்கேயே கட்டிவிட வேண்டும். இதையெல்லாம் முத்தவல்லி தொடக்கத்திலேயே அறிவித்தார்.

கூடத்தில் இருபத்தைந்து ஆண்கள். பெண் நான் ஒருத்தி. பத்து மணிக்கு ஏலம் தொடங்கும் முன் உள்ளறைத் திரை கொஞ்சம் விலகி ஒரு கை என்னைக் கூப்பிட்டது.

உள்ளே போனேன். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், வெள்ளைத் துப்பட்டியைத் தலையிலிருந்து காதோடு இறுக்கிச் சுற்றியிருந்தார். தங்கை சபுரா இவர்தான். பெற்றவர்களைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவர். ஒரு டம்ளர் ரோஸ் மில்க்கைக் கையில் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"டீச்சருன்னு சொன்னாங்க. எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். அந்த மேசையில எங்கம்மாவோட அலுக்கத்து இருக்கு."

அலுக்கத்து என்பது காது மடலில் வரிசையாகத் துளையிட்டு முஸ்லிம் பெண்கள் போட்டுக்கொண்ட தங்க வளையங்கள். காதுக்கு ஏழாகப் பதினான்கு வெளியே இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் மிளகு அளவில் தொங்கட்டான்கள். இப்படி முழு வரிசையாக நான் எங்கும் பார்த்ததில்லை.

"அது எனக்கு வேணும். அண்ணங்கிட்டக் கேட்டேன். பழைய சாமான், தங்க வெலைக்கு மேலயே போவும், வேணும்னா நீயும் ஏலத்துல எடுத்துக்கன்னுட்டாரு. வெளி ஆம்பளைங்க நடுவுல நான் எப்படிங்க கொரல் குடுக்கறது? எங்கிட்ட இருவதாயிரம் இருக்கு. நீங்க கேளுங்க."

நான் ரோஸ் மில்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கடையில் தலையாட்டி முழுதாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"முடியாதுன்னா சொல்லிருங்க டீச்சர். வேற ஆளு இல்ல எனக்கு. அவ்வளவுதான்."

"கேக்கறேன்," என்றேன்.

முதல் ஒரு மணி நேரம் மரச்சாமான்களும் பித்தளையும் போயின. ஒவ்வொன்றும் வியாபாரிகளில் ஒருவருக்கு, ஆரம்ப விலைக்கு மேல் ஐம்பது நூறு வைத்து. மற்ற மூவரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலமாரி நான்காயிரத்துக்குப் போனபோது கமாலின் முகம் கறுத்தது. ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்னவென்று பிடிபடவில்லை. எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

பதினொன்று இருபதுக்கு முத்தவல்லி வெல்வெட் துணியைத் தூக்கிக் காட்டினார். "அலுக்கத்து ஒரு ஜோடி. எடை ஆறு பவுனு. பதினெட்டாயிரத்துலேர்ந்து ஆரம்பம்."

"பதினெட்டு," என்றார் கும்பகோணத்துக்காரர், கொட்டாவி விடுவதுபோல.

"பதினெட்டாயிரம். ஒரு தரம்."

மற்ற மூவரும் மறுபடி கூரையைப் பார்த்தார்கள்.

"ரெண்டு தரம்."

"பதினெட்டு ஐநூறு," என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். கோபம்கூட இல்லை, நம்ப முடியாத பார்வை. "பத்தொம்பது," என்றார். நான் ஐநூறு ஏற்றினேன். அவர் இருபது என்றார். சபுராவின் கையிலிருந்த எல்லை அதுதான், அதை அவர் சொல்லிவிட்டார். இனி நான் கேட்பதற்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

"இருவதாயிரம். ஒரு தரம்."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு சபுராவுக்கே திரும்பி வரப்போகிறது. அதைக் கழித்துக்கொள்ள விட்டால் அவருடைய இருபதாயிரம் முப்பதாயிரத்துக்குச் சமம். ஆனால் அதைக் கேட்டால், யாருக்காக நான் ஏலம் கேட்கிறேன் என்பது கூடத்துக்கே தெரிந்துவிடும்.

எழுந்து, "ஒரு நிமிஷம் குடுங்க," என்று திரைக்கருகே போனேன். கணக்கை ஒரே வாக்கியத்தில் சொன்னேன்.

"அண்ணன் ஒத்துக்குவாரா?"

"கேட்டாத்தாங்க தெரியும்."

"அப்பக் கேளுங்க."

முத்தவல்லியிடம் கேட்டேன். "நான் இந்த வீட்டம்மா சபுராவுக்காகக் கேக்கறேன். இதுல வர்ற அவங்க பங்கைக் கழிச்சுக்கிட்டு மீதியைக் கட்டலாமா?"

கூடம் சலசலத்தது. கும்பகோணத்துக்காரர் எழுந்துவிட்டார். "இது மொறையில்ல. ஏலம் நடக்கறப்ப நடுவுல ரூல் போடக் கூடாது. மொத்தப் பணத்தையும் வைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

முத்தவல்லி கமாலைப் பார்த்தார். எல்லோரும் கமாலைப் பார்த்தோம். அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரையைப் பார்த்துப் பேசினார்.

"சபுரா, அவ்வளவு வேணும்னா ஏங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்," என்றது திரைக்குப் பின்னிருந்த குரல். "ஏலத்துல எடுத்துக்கன்னீங்க."

அந்த இடத்தில் அவர் ஏலத்தை நிறுத்திவிட்டுத் தங்கைக்கே கொடுத்திருக்கலாம். கொடுப்பார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "அவ பங்கு அவளோட ஹக்கு, அவ உரிமை. கழிச்சுக்கலாம்," என்றார்.

"இந்தச் சாமானோட பங்கு மட்டும் இதுல கழியும்," என்றார் முத்தவல்லி. "மத்தது கடைசிலதான். இருவதாயிரம் நிக்கிது. மேல கேக்கறவங்க கேக்கலாம்."

இருபத்தொன்று என்றேன். இருபத்திரண்டு என்றார் கும்பகோணத்துக்காரர். இப்போது அவர் கொட்டாவி விடவில்லை. ஒவ்வொரு எண்ணையும் என் முகத்தில் எறிந்தார். தங்க விலையை எப்போதோ தாண்டிவிட்டோம். இருபத்தைந்து நான். இருபத்தாறு அவர். சபுராவின் எல்லைக்கு இன்னும் நான்காயிரம்தான். ஆயிரம் ஆயிரமாக ஏறினால் முப்பதை அவர் முதலில் சொல்லக்கூடும் என்று பயந்து கொஞ்சம் தயங்கினேன்.

"ஒரு தரம்."

"முப்பது."

அந்தக் குரல் என்னுடையது அல்ல. திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. ஓங்கி, தெளிவாக, கடைசி ஆள்வரை கேட்கும்படி. கூடத்திலிருந்த ஆண்கள் எல்லோரும் திரையைப் பார்த்துவிட்டு உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

கும்பகோணத்துக்காரர் வாயைத் திறந்தார். ஐநூறு கூட்டிச் சொன்னால் போதும், எங்கள் கதை முடிந்தது. அது அவருக்குத் தெரியாது. இரண்டாவது தரம் சொல்லி முடித்தபோதும் அவர் உதடு திறந்தபடி இருந்தது. பக்கத்திலிருந்த கூட்டாளி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். மேலே போனால் தங்களுக்கு லாபம் நிற்காது என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

"மூணு தரம்," என்றார் முத்தவல்லி.

மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு இரண்டு மணிக்குப் பீங்கான் பொருட்கள் வந்தன. தட்டுக்கு நான் மூவாயிரம் வரை போனேன். கும்பகோணத்துக்காரர் மூவாயிரத்து இருநூறு சொல்லி எடுத்துக்கொண்டார், என்னைப் பார்க்கவே இல்லை. அவரிடம் கொடுத்த வாக்கை நான் மீறினேன், அவர் பதிலுக்குச் செய்தார். அதில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனாலும் அவருடைய ஆள் அந்தத் தட்டைச் செய்தித்தாளில் சுற்றியபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தெருவுக்கு வந்துவிட்டேன்.

சபுரா பின்னாலேயே வந்தார், கையில் ஒரு துணிப்பை. "அரியலூருக்கு வர்றீங்களா டீச்சர்? அங்கேருந்து உங்களுக்குத் திருச்சிக்கு ரயிலு இருக்கு. எனக்கும் அங்க ஒரு வேலை. நகையோட தனியாப் போவப் பயமா இருக்கு."

மூன்றேகால் பஸ்ஸில் உட்கார்ந்தோம். அரியலூர் நெருங்க நெருங்க சாலையோர மரங்களின் இலைகள் வெள்ளையாகின. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. ஜன்னல்களை ஏற்றிவிட்டும் வாயெல்லாம் தூசி. நான் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தேன். வளையங்களை ஈரம் படாமல் எப்படி வைப்பது, எந்தத் துணியில் சுற்றுவது என்று. சபுரா எல்லாவற்றுக்கும் "ம்" சொன்னார். பிறகு, "வைக்கப் போறதில்ல டீச்சர். உருக்கப் போறேன்," என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"பத்தர்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன். அங்கதான் போறோம்."

"அதுக்கா முப்பதாயிரம் குடுத்தீங்க? உங்க அம்மா ஞாபகமா வச்சுக்கத்தான்னு நினைச்சேன்."

"நெனைச்சுக்குவீங்கன்னு தெரியும். முன்னாடியே சொல்லியிருந்தா நீங்க கேட்டிருக்க மாட்டீங்க."

அது உண்மை. கோபமும் வந்தது. தட்டை இழந்தது இதற்குத்தானா என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

நாலே முக்காலுக்கு அரியலூர்க் கடைத்தெருவில் ஒரு சந்துக்குள் இருந்த பட்டறைக்குப் போனோம். பத்தர் வளையங்களை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மெல்ல மேசைமேல் வைத்தார். "இந்த மாரி வேலை இப்ப யாரு செய்றா? அப்படியே குடுத்தாலும் நல்ல வெலை வரும்மா."

"அந்த வெலைக்குத்தான் வாங்கிட்டு வந்திருக்கேன். உருக்குங்க."

அவர் உலையில் கரியைத் தூண்டினார். என்னால் பொறுக்க முடியவில்லை. "ஒண்ணே ஒண்ணை விட்டு வையுங்க. அதுக்குண்டான பணத்தை நான் தர்றேன். ஒண்ணு போதும்," என்று சபுராவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சபுரா என்னைப் பார்த்தார். பத்தர் உலைப் பக்கம் குனிந்திருந்தபோது துப்பட்டியை இடது காதிலிருந்து விலக்கினார்.

காது மடல் முழு வளைவாக இல்லை. மேல் ஓரத்தில் மூன்று இடங்களில் கிழிந்து, ஆறி, பல்பல்லாக நின்றது.

"எனக்கு ஏழு வயசுல குத்துனாங்க. ஒரே நாளுல பதினாலு. சீழ் வச்சு ஒரு மாசம் காய்ச்சல். அம்மாவுக்கு இன்னும் மோசம், கனம் தாங்காம காதுத் தொளை ஒவ்வொண்ணா அறுந்துச்சு. ஒருக்களிச்சுப் படுத்தே அது தூங்குனதில்ல. மௌத்துக்கு முன்னாடி, கடைசிப் படுக்கையில எங்கிட்டச் சொல்லுச்சு, இத எவ காதுலயும் ஏத்தக் கூடாது, எவனும் கண்ணாடிப் பொட்டில வச்சு அழகு பாக்கவும் கூடாது, உருக்கிருன்னு. அண்ணங்கிட்ட அதச் சொன்னேன். அவருக்கு வெலைதான் கேட்டுச்சு."

நான் அவர் கையை விட்டேன்.

பத்தர் வளையங்களை குகை எனும் மண் கிண்ணத்தில் போட்டு, தங்கம் இளகக் கொஞ்சம் வெங்காரப் பொடி தூவினார். முதலில் கறுப்புப் புகை வந்தது. தொங்கட்டான்களுக்குள் அரக்கு அடைத்திருந்திருக்கிறார்கள். பிறகு பதினான்கும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து மஞ்சளாக ஒரு துளி ஆகின. ஆறிய கட்டியைத் தராசில் வைத்தார். நாலே முக்கால் பவுன்.

"ஒண்ணேகால் பவுனு அரக்கும்மா," என்றார் பத்தர் சங்கடத்தோடு.

"இருக்கட்டும்," என்றார் சபுரா. கட்டியை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் உருட்டிப் பார்த்தார். "ரெண்டு பொண்ணுங்களுக்கும் ஆளுக்கு ரெண்டு வளையல் அடிச்சுருங்க. கையில போடறது. கழட்டறதுக்குச் சுளுவா இருக்கணும்."

ஐந்தரைக்கு ஒரு ரிக்‌ஷாவில் என்னை ரயில் நிலையத்துக்கு அனுப்பிவைத்தார். "அந்தத் தட்டு போச்சே டீச்சர். என்னாலதான்," என்றார். பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய்யாக இருக்கும் என்று தோன்றியதால், "நல்ல தட்டு," என்று மட்டும் சொன்னேன். இருவரும் சிரித்தோம்.

ரயில் அரை மணி தாமதம். நடைமேடையில் கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு நின்றேன். ஓர் ஏலத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பும் வருத்தம் எனக்குப் பழகியதுதான். இது அந்த வருத்தம் இல்லை. நான் பாதுகாக்க வேண்டும் என்று துடித்த ஒரு பொருளை, அதை உண்மையாகவே அறிந்தவர் அழிக்கத் துடித்திருக்கிறார். இருவரும் ஒரே பொருளுக்காக ஒரே பக்கம் நின்று ஏலம் கேட்டிருக்கிறோம். ரயில் வந்தபோதும் அது எனக்கு முழுதாகச் செரிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு காலை, உறையூர் வீட்டில் கண்ணாடி அலமாரியைத் திறந்தேன். பீங்கான் தட்டுகளுக்குக் கீழே உள்ள அடுக்கில் ஒரு ஜோடி வெள்ளித் தண்டை இருக்கிறது. மணப்பாறைச் சந்தையில் வாங்கியது. பக்கத்தில் ஒரு சீட்டில் எடை, ஊர், வாங்கிய வருடம் எல்லாம் என் கையெழுத்தில் இருந்தன. யாருடைய கால் என்று நான் விற்றவரிடம் கேட்கவேயில்லை. ஒன்றை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். பத்து நிமிடம்தான். கழற்றச் சோப்புத் தேவைப்பட்டது. கணுக்காலைச் சுற்றிச் சிவந்த தடம் மதியம் வரை போகவில்லை.